டீச்சரம்மா பக்கம்: கப்பல் கணக்கில் நூறு டாலர்



பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பற்றி இந்த இதழில் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. போன வெள்ளிக்கிழமை பள்ளி விட்ட நேரத்தில் வாசலில் எனக்காகக் காத்திருந்த ஒரு தாய்தான் அதற்குக் காரணம்.

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய மூத்த மகள் என்னிடம் படித்தவள். இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். பேரன் எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு. அன்று அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் நான்காக மடித்த ஒரு தாள்.

"டீச்சர், அவருக்கு அறுபது ஆகுதுல்ல, அதுக்கு மக எங்க ரெண்டு பேருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்திருக்கா. மூணு ராத்திரி. ஆனா கீழ பாருங்க, கிரெடிட்னு நூறு டாலர் போட்டிருக்கு. அதைப் பார்த்ததிலிருந்து அவரு சரியா தூங்கல. கப்பல்காரன்கிட்ட கடன் வச்சிட்டு வர நான் ஆள் இல்லேங்கிறாரு. மககிட்ட கேட்டா மனசு சங்கடப்படுவா. நீங்க கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க டீச்சர்."

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே தாளை, இதே சொல்லை, எங்கள் வீட்டில் எட்டாண்டுகளுக்கும் முன்பே பார்த்துவிட்டேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். நம் வீடுகளில் கிரெடிட் என்றால் கடன்தான். கிரெடிட் கார்டு என்றால் கடன் அட்டை. மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் தொலைக்காட்சி வாங்கினாலும் 'கிரெடிட்டில் எடுத்தேன்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் கணக்கு எழுதும் கிராணிகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் அகராதியில் கிரெடிட் என்றால் வரவு, டெபிட் என்றால் பற்று. அதே சொல்லைக் கடைக்காரர் ஒரு பொருளிலும் கணக்கர் வேறு பொருளிலும் வழங்குகிறார்கள். கப்பல் தாளில் போட்டிருப்பது கணக்கர் சொல்லும் பொருள். உங்கள் பெயரில் நூறு டாலரை அவர்களே வரவு வைத்திருக்கிறார்கள். நீங்கள் கப்பலில் ஏதாவது வாங்கினால், அந்தச் செலவு முதலில் இந்த நூறிலிருந்து கழியும். அவ்வளவுதான். ஒரு காசுகூடத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

இதைச் சொன்னதும் அந்த அக்கா, "அப்ப அவன் சும்மா தர்றானா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சும்மா யாரும் தரமாட்டார்கள். இடம் நிரம்பாத பயணத்துக்கு ஆள் சேர்க்கக் கப்பல் கம்பெனி கொடுக்கும். தன்னிடமே டிக்கெட் எடுக்க வேண்டும் என்று பயண ஏஜெண்டு கொடுப்பார். பிள்ளைகள் பெற்றோருக்குப் பரிசாகக் காசு கட்டிப் போடுவதும் உண்டு. சில பெரிய கப்பல் கம்பெனிகள், தங்கள் பங்குகளில் 100 வைத்திருப்பவர்களுக்கும் இப்படி ஒரு தொகை தருகின்றன. அது நமக்கு எதற்கு, விட்டுவிடுவோம்.

கப்பல் என்றால் கடன் என்று நம் பெரியவர்கள் பயப்படுவதில் தவறே இல்லை என்பது என் எண்ணம். நம்மவர்கள் இந்த நாட்டுக்கு வந்த தொடக்க காலத்தில், ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் கட்டணம் அவர்கள் தலையிலேயே கடனாக எழுதப்பட்டது. இறங்கி வேலைக்குப் போன பிறகு சம்பளத்தில் பிடித்தார்கள். 1907இல் தோட்ட முதலாளிமாரிடம் பணம் வசூலித்துக் குடியேற்ற நிதி ஒன்றை அமைத்தார்கள். அதன் பிறகுதான் கட்டணக் கடன் இல்லாமல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒப்பந்தக் கூலி முறையே 1910இல் நிறுத்தப்பட்டது. என் தாத்தா வந்தது அதற்குப் பிந்தி, 'ரஜூலா' கப்பலில். 1926இல் கட்டிய அந்தக் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர். அவர் காலத்தில் கட்டணக் கடன் இல்லை. ஆனால் 'கப்பல் கடன்' என்ற பேச்சு மட்டும் அவருடைய பெரியவர்களிடமிருந்து அவருக்கு வந்து, அவரிடமிருந்து என் அப்பாவுக்கும் வந்துவிட்டது.

இப்போது அந்தக் கதை. 2017இல் என் தம்பி எங்கள் அப்பா அம்மாவைக் கப்பலில் அனுப்பினான். போர்ட் கிள்ளானில் ஏற்றம். 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் இருந்ததே, தாத்தா இறங்கிய அதே துறைமுகம். மூன்று இரவுப் பயணம். தாளில் 50 டாலர் கிரெடிட் என்று போட்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். ஆனால் பரீட்சைத் தாள் திருத்தும் அவசரத்தில் விளக்கிச் சொல்லவில்லை. தம்பியும் சொல்லவில்லை.

அப்பா பால்மரம் வெட்டியவர். சட்டைப் பையில் எப்போதும் அந்தச் சின்ன 555 நோட்டுப் புத்தகம் இருக்கும். தோட்டத்துக் கடையில் வாங்கும் அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். கடைக்காரர் ஒரு புத்தகம் எழுதினால் அப்பா தன் பங்குக்கு இன்னொன்று எழுதுவார். சம்பள நாளன்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்துக் கொடுப்பார். தீபாவளிக்குக் கடன் நிலுவையில் நிற்கக்கூடாது என்பது அவருடைய வைராக்கியம். அப்படிப்பட்டவர், கப்பல் மேசையில் கொடுத்த தாளில் தன் பெயருக்கு நேராக 'கிரெடிட் 50' என்று பார்த்ததும் என்ன செய்வார்? மூன்று நாளும் எதையும் தொடவில்லை. அம்மாவையும் தொடவிடவில்லை. சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்த்தி என்பதால் பசி இல்லாமல் இருந்தார்கள்.

இரண்டாம் நாள் இரவு கப்பல் படக்காரர் அவர்களை நிற்க வைத்துப் படம் எடுத்திருக்கிறார். அம்மா மாம்பழ நிறப் பட்டுச் சேலை, அப்பா தம்பி தைத்துக்கொடுத்த நீளக் கைச் சட்டை. மறுநாள் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்களாம். அம்மா நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விலை 20 டாலர். "வேணாம், ஏற்கனவே அம்பது எழுதி வச்சிருக்கான்" என்று அப்பா சொல்லிவிட்டார். இறங்கும்போது கணக்கில் அந்த 50 டாலர் அப்படியே இருந்தது. அவர்கள் கரை இறங்கியதும் அது மறைந்துபோனது. வாங்காத படங்களைக் கப்பலில் வைத்திருக்க மாட்டார்கள். தம்பி பிறகு கேட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லை.

அப்பா 2020 ஏப்ரலில் தவறினார். நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த நேரம். காரியத்துக்கு வந்தவர்களே பத்துப் பேருக்குள். மாலை போட்டு வைக்க அவருடைய அடையாளக் கார்டுப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். இருவரும் சேர்ந்து நிற்கும் படம் என்று பார்த்தால், கல்யாணப் படத்துக்குப் பிறகு வீட்டில் ஒன்றுமில்லை.

நிற்க. அந்த அக்காவைப் பள்ளிக் கேண்டீன் பெஞ்சில் உட்காரவைத்துத் தாளை வரி வரியாகப் படித்தேன். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு தாள் வரலாம். இப்போது சிங்கப்பூரிலும் கே.எல்.லிலும் வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றோரைக் கப்பலில் அனுப்புவது அதிகமாகிவிட்டது. எனவே நான் அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் எந்த நாட்டுப் பணம் என்று பாருங்கள். பல கப்பல்களில் அமெரிக்க டாலரில்தான் கணக்கு. அமெரிக்க டாலர் 100 என்றால் நம் பணத்தில் ஏறக்குறைய 400 வெள்ளி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அதை 26 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஆக, அந்தத் தாளில் கிடப்பது ஆறு நாள் பெரட்டுக்குப் போன கூலி. அலட்சியமாக விட்டுவிடும் தொகையா?

அடுத்து, 'பெர் ஸ்டேட்ரூம்' என்று போட்டிருக்கிறதா, 'பெர் பெர்சன்' என்று போட்டிருக்கிறதா? பெரும்பாலும் அறைக்குத்தான் ஒரு தொகை. இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு. ஆளுக்கு நூறு என்று நினைத்துச் செலவு செய்துவிட்டுக் கடைசி நாளில் முழித்தவர்கள் உண்டு.

அதற்கும் மேல் முக்கியமானது 'நான்-ரீபண்டபிள்' என்ற சொல். அது இருந்தால், மீதிப் பணத்தைக் கையில் தரமாட்டார்கள். கப்பலில் செலவழிக்கவில்லை என்றால் கடைசி இரவோடு அது போயிற்று. அடுத்த பயணத்துக்கும் வராது. என் அப்பா அம்மாவுக்கு நடந்தது அதுதான். 'ரீபண்டபிள்' என்று மட்டும் இருந்தால் மீதி திரும்பி வரும். அந்த அக்காவின் தாளில் இருந்தது 'நான்-ரீபண்டபிள்'.

இன்னொன்று. கப்பலின் கணக்குத் தாளில் இந்தத் தொகைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருக்கும். நம் கண்ணுக்கு அது 'நூறு குறைகிறது, கட்டு' என்று தெரியும். இல்லை. கம்பெனியின் பார்வையில் எழுதியது அது. செலவைக் கூட்டல் கணக்கிலும் உங்கள் வரவைக் கழித்தல் கணக்கிலும் எழுதுவார்கள். கழித்தல் குறி உள்ளவரை பணம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

இனிச் செலவு. இந்தக் கப்பல்களுக்குள் ரொக்கம் செல்லாது. ஏறும்போதே ஓர் அட்டை தருவார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான், கடையில் காட்டுவதும் அதுதான். காசு கைமாறாததால் செலவு உறைக்காது. நம் 555 புத்தகத்தில் எழுதும்போதாவது கை கொஞ்சம் தயங்கும். இந்த அட்டையை உரசும்போது அதுவும் இல்லை. பேரப்பிள்ளைகள் கூட வந்தால், விளையாட்டு இயந்திரங்களும் அதே அட்டையில் ஓடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பெரிய சாப்பாட்டுக் கூடத்திலும் நாமே எடுத்துச் சாப்பிடும் இடத்திலும் கட்டணமில்லை. தண்ணீர், தேநீர், காப்பியும் அங்கே கிடைக்கும். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். வீட்டிலிருந்து சோறு வடிக்கும் மின்சாரக் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் கொண்டுபோக வேண்டாம். தீப் பயத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாத்திரைகளை மட்டும் நாள் கணக்குக்கும் கூடுதலாக எடுத்துப் போங்கள். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் கட்டணம் நம் கிளினிக் கட்டணம் அல்ல.

பானங்கள், தனி உணவகங்கள், கடைகள், படங்கள், இணையம், மசாஜ், கரையில் சுற்றிப் பார்க்கும் பயணம் ஆகியவற்றுக்குத்தான் கிரெடிட் கழியும். சூதாட்டக் கூடத்துக்கு இந்த வகைக் கிரெடிட்டைப் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். அந்த மட்டிலும் நல்லதுதான்.

விலைப்பட்டியலில் உள்ள விலையோடு கணக்கு முடியாது. பானங்களுக்கும் மசாஜுக்கும் பல கப்பல்களில் 18 முதல் 20 விழுக்காடு வரை சேவைக் கட்டணம் ஏறும். 4 டாலர் குளிர்பானம் 18 விழுக்காட்டோடு 4 டாலர் 72 காசு. 8 டாலர் பியர் 9 டாலர் 44 காசு. பத்து பியர் என்றால் 94 டாலர் 40 காசு. இதைச் சொன்னபோது அந்த அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "இத மட்டும் அவருகிட்ட சொல்லாதீங்க டீச்சர். கடன் இல்லேன்னு தெரிஞ்சா அவரே கணக்குப் போட்டுருவாரு."

எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம் டிப்ஸ். அறை துப்புரவு செய்பவர்களுக்கும் பரிமாறுபவர்களுக்கும் என்று ஒவ்வொருவர் தலையிலும் ஒவ்வொரு நாளும் ஒரு தொகையைத் தானாகவே கணக்கில் ஏற்றிவிடுவார்கள். பல கப்பல்களில் நாளுக்கு ஒருவருக்கு 15 டாலரிலிருந்து 20 டாலர் வரை. 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு மூன்று இரவு: 108 டாலர். அந்த அக்காவின் நூறும் போய், மேலே 8 டாலர் கட்டவும் வேண்டும்! கிரெடிட் இருக்கிறது என்று நம்பி வேறு ஏதாவது வாங்கியிருந்தால் அதுவும் கையிலிருந்துதான். எனவே டிக்கெட் எடுத்த பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "டிப்ஸ் கட்டியாச்சா?" பெஞ்சில் இருந்தபடியே சிங்கப்பூருக்குப் போன் போட்டோம். கட்டிவிட்டாள். மகளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை, "அப்பா இதுக்காகவா தூங்கல!" என்று அவள் சிரித்தது எனக்கே கேட்டது.

வங்கி அட்டை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. கப்பல் ஏறும்போது கணக்குக்கு ஓர் அட்டை கேட்பார்கள். சேமநிதிப் பணம் போட்டு வைத்திருக்கும் டெபிட் அட்டையைக் கொடுத்தால், செலவுக்கு முன்பே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். அது விடுபடச் சில நாளாகும். அதுவரை உங்கள் பணம் உங்களுக்கு உதவாது. பெரும்பாலான கப்பல்களில் அதற்குப் பதிலாகக் கொஞ்சம் ரொக்கத்தை முன்பணமாகக் கட்டலாம். செலவு போக மீதியைக் கடைசியில் தந்துவிடுவார்கள். நம் போன்றவர்களுக்கு அதுதான் மேல்.

பிறகு அந்த அக்காவுக்கென்று ஒரு கணக்குப் போட்டோம். அவர்கள் கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டுப் பினாங்கில் ஒரு பகல் நிற்கிறது. பினாங்கில் கப்பல்காரரின் சுற்றுலாவுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம் என்றேன். சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கி மெல்ல நடந்தாலே லிட்டில் இந்தியா. குயின் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். கப்பல் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணிக்கு மேலாகவே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மசாஜ் பற்றி ஆசையாகக் கேட்டார், முட்டி வலியாம். ஒரு தடவைக்கே நூறைத் தாண்டிவிடும், மேலே கைக்காசு போடவேண்டி வரும் என்று சொன்னேன். இலவசமாக வந்த நூறைச் செலவழிக்கப் போய்ச் சொந்தப் பணத்தில் நூற்றைம்பது போட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம். கம்பெனி இதைக் கொடுப்பதே அதற்காகத்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

பேரனுக்கு ஒரு டீ-சட்டை, பக்கத்து வீடுகளுக்கு மிட்டாய் ஒரு டப்பா, ஒரு மாலை இருவரும் தனி உணவகத்தில் ஏதாவது. கடைகள் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது சுங்க விதிப்படி மூடியிருக்கும். கடலில் ஓடும்போதுதான் திறப்பார்கள். எனவே கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், கரை வந்ததும் கதவு மூடியிருக்கும். கடைசி இரவுக்கு முந்தின நாளே வரவேற்பு மேசைக்குப் போய்க் கணக்கைத் தாளில் எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். தெரியாத வரி ஏதாவது இருந்தால் அங்கேயே கேட்க வேண்டும். கடைசி நாள் காலையில் அந்த மேசையில் நிற்கும் வரிசை, சம்பள நாள் ஆபீஸ் வரிசையைத் தோற்கடிக்கும். ஆங்கிலம் வராதே என்று கூச்சப்பட வேண்டாம். இங்கிருந்து போகும் கப்பல்களில் மலாய் தெரிந்தவரோ தமிழ் தெரிந்தவரோ பெரும்பாலும் கிடைப்பார். இல்லையென்றால் தாளில் அந்த வரியை விரலால் காட்டினால் போதும்.

எல்லாம் சொல்லி முடிந்ததும் அந்த அக்கா தன் பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்தார். இன்னும் அது கடைகளில் விற்கிறது, தெரியுமா? "நீங்க சொன்னத எழுதிக்கிறேன் டீச்சர். அவருகிட்ட காட்டணும், வாயில சொன்னா நம்பமாட்டாரு." மேலே 'வரவு 100' என்று எழுதினார். கீழே முதலில் எதை எழுதுவது என்று என்னைப் பார்த்தார்.

படத்தை எழுதச் சொன்னேன். விலை 20 அல்லது 25 டாலர் இருக்கும் என்றேன்.

"போட்டோவா? அதான் போன்லயே எடுத்துக்கலாமே டீச்சர்."

"போன்ல யாரு எடுப்பா அக்கா? நீங்க எடுத்தா அவரு மட்டும் இருப்பாரு. அவரு எடுத்தா நீங்க மட்டும் இருப்பீங்க."

சிறிது நேரம் யோசித்தார். பிறகு 'போட்டோ 25' என்று எழுதிவிட்டு, பேரன் புத்தகப் பையோடு ஓடி வருவதைப் பார்த்து எழுந்துகொண்டார்.

பள்ளி விடுமுறையில் புறப்படுகிறார்கள். வீட்டுப்பாடத்தைப் பற்றி அடுத்த இதழில்.